4294967297-ஐ உடைத்துப் பார்ப்போம்

2³² + 1 = 4294967297. 3, 5, 17, 257, 65537 என்று போகும் ஃபெர்மா எண்களில் (2-இன் 1, 2, 4, 8, 16... ஆம் அடுக்குகளோடு 1 கூட்டியவை) அடுத்தது இது. முந்தைய ஐந்தும் பகா எண்கள். இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று 17-ஆம் நூற்றாண்டுக் கணிதவியலாளர் ஃபெர்மா நம்பினார். 1732-இல் கணிதவியலாளர் ஆய்லர் 641 × 6700417 என்று பிரித்துக் காட்டினார்.

2, 3, 5, 7 என்று வரிசையாக வகுத்துக்கொண்டே போனால் 641 வருவது 116-ஆவது முறையில். அவ்வளவு பாடுபட வேண்டாம். இதன் பகாக் காரணி ஒன்றால் வகுத்தால் 2³² தரும் மீதி −1 (அதாவது 1 கூட்டினால் மீதியின்றி வகுபடும்), 2⁶⁴ தரும் மீதி 1. எனவே 2-இன் அடுக்குகளில் மீதி 1 வருவது 64-இன் மடங்குகளில் மட்டும்தான்; காரணியைவிட 1 குறைவான அடுக்கிலும் மீதி 1 வரும் என்கிறது ஃபெர்மாவின் சிறு தேற்றம். ஆகவே அந்தக் காரணியில் 1-ஐக் கழித்தால் 64-ஆல் வகுபட்டாக வேண்டும். ஆய்லர் நின்றது இங்கே. பின்னாளில் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூகாஸ் அதை 128 ஆக்கினார். இனி பார்க்க வேண்டியவை 129, 257, 385, 513, 641... இவற்றில் 129, 385, 513 பகு எண்கள். 257-ஐயும் தள்ளிவிடலாம்: முந்தைய ஐந்து ஃபெர்மா எண்களின் பெருக்கல் சரியாக 4294967295, எனவே அவற்றில் எதால் வகுத்தாலும் மீதி 2. ஆக, முதலில் வகுத்துப் பார்க்க வேண்டியதே 641தான்!

வகுக்காமலும் நிறுவலாம். 641 = 5 × 2⁷ + 1; 641 = 5⁴ + 2⁴. 641-ஆல் வகுத்தால், முதலாவதன்படி 5 × 2⁷-இன் மீதி −1, நான்காம் அடுக்கில் 5⁴ × 2²⁸-இன் மீதி 1. இரண்டாவதன்படி 5⁴-க்குப் பதில் −2⁴ போடலாம். −2³²-இன் மீதி 1 என்று வந்துவிடும்; அதாவது 2³² + 1 மீதியின்றி வகுபடும்.

பலர் இத்தோடு விட்டுவிடுகிறார்கள். 6700417 பகா எண்தானா? அதன் வர்க்கமூலம் சுமார் 2588. அதன் காரணிகள் 4294967297-க்கும் காரணிகள் என்பதால் அதே விதி பொருந்தும்; அதற்குள் 128-இன் மடங்கோடு 1 கூட்டிய பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 மட்டுமே. 257 ஏற்கெனவே போய்விட்டது. மற்றவற்றின் மீதிகள் முறையே 44, 120, 334, 622. பகா எண்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது வேறு வழி. 65536² + 1² என்று இதை எழுதலாம் என்பது வெளிப்படை. 62264² + 20449² என்றும் எழுதலாம். ஒரு பகா எண்ணை இரு வர்க்கங்களின் கூட்டலாக ஒரே விதத்தில்தான் எழுத முடியும். இங்கே இரண்டு விதம் இருப்பதால் இது பகு எண். காரணியும் அதிலேயே இருக்கிறது. 65536, 62264 இவற்றின் வித்தியாசம் 3272, கூட்டல் 127800. 20449, 1 இவற்றின் வித்தியாசம் 20448, கூட்டல் 20450. வித்தியாசங்களின் மீப்பெரு பொதுக் காரணி 8, கூட்டல்களுடையது 50. பாதியாக்கினால் 4, 25. 4² + 25² = 641.

நிரல் எழுதுபவர்களுக்கு இரண்டு பொறிகள். 2-ஐ அடிமானமாக வைத்து ஃபெர்மா சோதனை (அடிமானத்தை எண்ணைவிட 1 குறைவான அடுக்குக்கு உயர்த்தி, அந்த எண்ணால் வகுத்தால் மீதி 1 வருகிறதா என்று பார்ப்பது) செய்தால் இந்த எண் பகா எண் போலவே தேறிவிடும்; 3-ஐ வைத்தால் பிடிபடும். அடுத்தது, குறியற்ற 32 பிட் மாறியில் இது அடங்காமல் வெறும் 1 ஆகிவிடும். அதிலும் ஒரு பயன் உண்டு. 32 பிட் எண் ஒன்றை 641-ஆல் வகுக்க, 6700417-ஆல் பெருக்கி, 64 பிட் விடையின் மேல் பாதியை எடுத்தால் போதும். அதிகப்படியாகச் சேரும் பிழை 1/641-ஐவிடச் சிறியது என்பதால் ஈவு ஒருபோதும் மாறாது. பெருக்கலை 32 பிட்டிலேயே செய்தால் மட்டும் மேல் பாதி தொலைந்து குப்பை விடை வரும்.