பழைய ஏ.டி. எஸ்.எம்.பி.எஸ்-க்குப் புது சுவிட்ச் பொருத்திய அனுபவம்

என் தந்தை கணக்கு எழுதப் பயன்படுத்திய, 486 ப்ராசசர் கொண்ட பழைய கணினி பல ஆண்டுகளாகப் பரணில் கிடந்தது. சென்ற மாதம் அதை இறக்கித் துடைத்தபோது, முன்பக்கத்து பவர் பட்டன் அழுத்திய இடத்தில் நிற்காமல் வெளியே வந்துவிடுவதைக் கண்டேன். கேபினெட்டைத் திறந்தால், முன்பு பழுது பார்த்த யாரோ சுவிட்சிலிருந்து கம்பிகளைக் கழற்றி, நான்கு முனைகளிலும் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி விட்டிருந்தார்கள். எந்தக் கம்பி எங்கே இருந்தது என்பதற்கு அடையாளமே இல்லை.

1995-இல் இன்டெல் கொண்டுவந்த ஏ.டி.எக்ஸ் அமைப்பில், முன்பக்க பட்டன் மதர்போர்டுக்கு ஒரு சிறு சைகை மட்டுமே கொடுக்கிறது. அதில் கை பட்டாலும் ஆபத்தில்லை. இந்த 486 சேர்ந்த, அதற்கு முந்தைய ஏ.டி. வகையில் அப்படியல்ல. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரமே தடித்த கேபிள் வழியாகக் கேபினெட்டின் முகப்பு வரை வந்து, சுவிட்சுக்குள் புகுந்து, மறுபடி எஸ்.எம்.பி.எஸ்-க்கு (கணினியின் மின்வழங்கிப் பெட்டி) திரும்புகிறது. ஆகவே பிளக்கைச் சாக்கெட்டிலிருந்து முழுவதுமாகப் பிடுங்கிய பிறகே கேபிளைத் தொட்டேன். எஸ்.எம்.பி.எஸ் பெட்டியைத் திறக்கவே இல்லை. அதிலுள்ள பெரிய கெப்பாசிட்டர்களில், பிளக்கைப் பிடுங்கிய பின்னும் சிறிது நேரம் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கக்கூடும்.

கம்பிகள் பழுப்பு, நீலம், கறுப்பு, வெள்ளை. பழுப்பும் நீலமும் சுவரிலிருந்து வருபவை, கறுப்பும் வெள்ளையும் திரும்பிச் செல்பவை என்பதே பரவலான வழக்கம். ஆனாலும் நிறத்தை நம்பி 230 வோல்ட்டில் கை வைக்க எனக்கு மனம் வரவில்லை. மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் (இணைப்பு இருந்தால் ஒலிக்கும் நிலையில்) வைத்து, பிளக்கின் பேஸ் முனையில் மீட்டரின் ஒரு கம்பியும் பழுப்பில் அதன் மறு கம்பியுமாகத் தொட்டபோது ‘பீப்’ ஒலி வந்தது. நியூட்ரல் முனைக்கும் நீலத்துக்கும் அவ்வாறே வந்தது. எர்த் முனை கேபினெட்டின் தகரத்தோடு சேர்ந்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துக்கொண்டேன்.

புதிய சுவிட்ச், அழுத்தினால் நிற்கும் டபுள் போல் வகை; அதாவது பேஸ், நியூட்ரல் இரண்டையும் ஒருசேரத் துண்டிப்பது. பின்புறம் நான்கு தட்டையான முனைகளும், நடுவே ஒரு பிளாஸ்டிக் மேடும் இருந்தன. அழுத்தியும் விடுவித்தும் அளந்ததில், மேட்டின் ஒரே பக்கத்தில் உள்ள இரு முனைகள்தாம் ஒரு ஜோடி என்று தெரிந்தது. இந்த இடத்தில்தான் நிதானம் வேண்டும். பழுப்பையும் நீலத்தையும் ஒரே ஜோடியில் செருகிவிட்டால், சுவிட்சைப் போட்ட கணமே பேஸும் நியூட்ரலும் நேராக மோதிக்கொள்ளும். எனவே ஒரு பக்கம் பழுப்பும் கறுப்பும், மறுபக்கம் நீலமும் வெள்ளையுமாகச் செருகி, ஒவ்வொரு முனையையும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவால் மூடினேன். பேஸும் நியூட்ரலும் இடம் மாறிய சாக்கெட்டுகள் நம் வீடுகளில் அரிதல்ல என்பதால், இரண்டு கம்பிகளையுமே துண்டிக்கும் சுவிட்சைத்தான் போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நேரடியாக மின்சாரம் கொடுக்காமல், 100 வாட் குண்டு பல்பைத் தொடரில் வைத்த சீரியஸ் போர்டில் பிளக்கைச் செருகினேன். மதர்போர்டை இணைக்காமல், லோடுக்காக ஒரு பழைய ஹார்ட் டிஸ்கை மட்டும் மாட்டியிருந்தேன். சுவிட்சைப் போட்டதும் பல்பின் இழை ஒருமுறை பளிச்சிட்டு, உடனே மங்கிச் செம்மை நிறத்துக்கு இறங்கியது. ஷார்ட் இருந்திருந்தால் அது முழு வெளிச்சத்தோடு எரிந்துகொண்டே இருந்திருக்கும். பிறகு நேர் சாக்கெட்டுக்கு மாற்றி அளந்தேன்: 5 வோல்ட் வர வேண்டிய சிவப்புக் கம்பியில் 5.1, 12 வோல்ட் வர வேண்டிய மஞ்சளில் 11.9.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, எஸ்.எம்.பி.எஸ்-இலிருந்து மதர்போர்டுக்கு மின்சாரம் தரும் பி8, பி9 கனெக்டர்களைக் கறுப்புக் கம்பிகள் நடுவில் அடுத்தடுத்து வரும்படி மதர்போர்டில் செருகினேன். மூடியின் உட்புறத்தில், நான்கு கம்பிகளும் இருக்கும் இடத்தை ஒரு தாளில் வரைந்து ஒட்டினேன். மூடியை மாட்டி பட்டனை அழுத்தியபோது அது உள்ளேயே நின்றது; மின்விசிறி சுழன்றது; திரையில் மெமரி எண்ணிக்கை ஏறத் தொடங்கியது.