ஒரு சாண் இடைவெளி

ஏர்பேக் வேலை கற்றுக்கொள்ளப் போன முதல் நாள், பெரிய மெக்கானிக் என் கையில் ஸ்பேனரைத் தரவில்லை. பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி ஓரமாக ஒதுக்கிவிட்டு, "வா தம்பி, கொஞ்ச நேரம் உட்காரு" என்றார். ஒயரைக் கழற்றிய பிறகும் ஏர்பேக் கம்ப்யூட்டருக்குள் கொஞ்சம் மின்சாரம் தங்கியிருக்கும். மோதலில் பேட்டரியே முதலில் நசுங்கிப் போனாலும் பை விரிய வேண்டும் என்பதற்காக வைத்திருக்கும் சேமிப்பு அது. வடிவதற்குச் சில நிமிடம் ஆகும். அதுவரை அவரும் எதையும் தொடவில்லை, என்னையும் தொட விடவில்லை.

அப்புறம் ஸ்டியரிங்கின் நடுப்பகுதியைக் கழற்றி, பின்னால் இருந்த மஞ்சள் கனெக்டரைப் பிரித்து, ஏர்பேக் இருக்கும் அந்தப் பெட்டியை என்னிடம் நீட்டினார். உள்ளங்கைகள் இரண்டையும் சேர்த்து விரித்தால் அடங்கிவிடும் அளவுதான். நான் அதை மார்போடு அணைத்துப் பிடித்தேன். "திருப்பு! மூடி வெளிய பார்க்கணும். உன்னைப் பார்க்கக் கூடாது" என்று அவர் போட்ட சத்தம் இன்றைக்கும் காதில் இருக்கிறது. மேஜையில் வைக்கும்போதும் மூடி மேலே பார்க்க வேண்டும். குப்புற வைத்த ஏர்பேக் தவறி வெடித்தால், பை மேஜையை உதைத்துக்கொண்டு மொத்தப் பெட்டியும் ராக்கெட் மாதிரி கிளம்பிவிடும்.

அன்றுவரை ஏர்பேக் என்றால் தலையணை என்றுதான் என் மனதில் இருந்தது. வண்டி எடுத்து வருகிற பெரும்பாலானவர்கள் மனதிலும் அப்படித்தான் இருக்கிறது. கற்றுக்கொடுத்தவர் ஒரு தடவைகூட அதைத் தலையணை என்று சொன்னதில்லை. "மருந்து" என்பார். வெடிமருந்தைச் சொல்கிற மருந்து.

அதில் மிகை எதுவும் இல்லை. மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் கார் சுவரில் மோதினால், எல்லாம் ஏறக்குறைய பத்தில் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். சென்சார் உணர்ந்து, இது பை விரிய வேண்டிய மோதல்தானா என்று கம்ப்யூட்டர் தீர்மானிக்க 15 முதல் 30 மில்லி நொடி. பை முழுதாக உப்ப இன்னொரு 30 மில்லி நொடி. கண் இமைக்கும் நேரம் என்று சொல்வோமே, அதைவிடக் குறைவு. காற்றடிக்கும் பம்பை வைத்து இந்த வேகத்தைக் கொண்டுவர முடியாது. அதனால்தான் வேதிப்பொருளை எரிக்கிறார்கள். பழைய வண்டிகளில் சோடியம் அசைடு. எரிந்ததும் நைட்ரஜன் வாயுவாகப் பொங்கி நைலான் பையை நிரப்பும். இப்போது வேறு வேதிப்பொருள்கள் வந்துவிட்டன. பை வெளியே வரும் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரை ஒட்டி இருக்கும்.

நாம் அதில் போய் விழும்போது பை விரிந்து முடிந்திருக்க வேண்டும். பின்பக்கத் துளைகள் வழியாக வாயு கசியத் தொடங்கியிருக்க வேண்டும். அப்போதுதான் அது தாங்கும். விரிந்துகொண்டிருக்கும்போதே முகத்தைக் கொடுத்தால் அது அடி. ஸ்டியரிங்கின் நடுவுக்கும் ஓட்டுபவரின் மார்பெலும்புக்கும் 25 சென்டிமீட்டராவது வேண்டும் என்று சொல்வதன் காரணம் இதுதான். நம் கணக்கில் ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதல். இத்தனை வருடத்தில் நான் கற்றது எல்லாவற்றையும் சுருக்கினால் அந்த ஒரு சாண்தான் மிஞ்சும். உடம்புக்கும் பைக்கும் நடுவில் எவ்வளவு இடம், அந்த இடத்தைக் காப்பது எது? "இந்த வண்டியில் எத்தனை ஏர்பேக்?" என்று கேட்கிறவர்கள் நிறைய. "நான் உட்கார்ந்திருப்பது சரியா?" என்று கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அந்த இடத்தைக் காப்பது சீட் பெல்ட். ஸ்டியரிங் மேல் எஸ்.ஆர்.எஸ். என்று பொறித்திருப்பதில் முதல் எழுத்துக்குத் துணை என்றுதான் பொருள். பெல்ட்தான் மூலம், பை அதற்குத் துணை. பெல்ட் போடாதவர், பிரேக் பிடித்த கணத்திலேயே முன்னால் சரிந்து பையின் வாசலில் போய் நிற்பார். பெல்ட்டுக்குள்ளும் சிறிய வெடிமருந்து உண்டு என்பது பலருக்குத் தெரியாது. மோதிய கணத்தில் அது பெல்ட்டைச் சுண்டி இழுத்து உடம்பை இருக்கையோடு இறுக்குகிறது. ஒருமுறை வெடித்தால் அந்த பெல்ட்டையும் மாற்றியாக வேண்டும்.

ஒருநாள் ஹார்ன் வேலை செய்யவில்லை என்று ஒருவர் வண்டியைக் கொண்டுவந்தார். இன்னொருவர் ஓட்டிய வண்டியை வாங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஹார்ன் ஒயரும் ஏர்பேக் ஒயரும் ஸ்டியரிங்குக்குள் ஒரே சுருள் நாடாவில்தான் போகும். அந்த நாடா அறுந்தால் ஹார்ன் போகும், கூடவே மீட்டரில் ஏர்பேக் விளக்கும் எரியும். இவர் வண்டியில் விளக்கு எரியவில்லை. எனக்கு அது உறுத்தியது. மூடியைக் கழற்றினேன். உள்ளே பை இல்லை. வெறும் பிளாஸ்டிக் மூடி. மஞ்சள் கனெக்டரின் இரண்டு முனைகளுக்கு நடுவே, அரிசியைவிடக் கொஞ்சம் பெரிதாக, மின்தடை தரும் ஒரு ரெசிஸ்டரைப் பற்றவைத்து டேப் சுற்றியிருந்தார்கள். ஏர்பேக்கைப் பற்றவைக்கும் சிறு திரியின் மின்தடை ஏறக்குறைய 2 ஓம். அதே அளவு ரெசிஸ்டரை வைத்துவிட்டால், பை இருக்கிறது என்று நம்பி கம்ப்யூட்டர் விளக்கை அணைத்துவிடும். முன்பு எங்கோ மோதி விரிந்த பையை வெட்டி எறிந்துவிட்டு, புதிதாக வாங்கும் செலவை மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெகுநேரம் பேசாமல் அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். "தினமும் பிள்ளைகளை இதில்தான் கூட்டிட்டுப் போறேன்" என்றார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அந்தக் கோபம் இன்னும் எனக்குள் ஆறவில்லை. வண்டியில் எந்தக் குறையையும் மன்னிக்கலாம், இருக்கிறது என்று பொய் சொல்லும் குறையை மன்னிக்க முடியாது. பழைய வண்டி வாங்குகிறவர்களிடம் நான் தவறாமல் சொல்வது இது: சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில நொடியில் அணைய வேண்டும். அணையாவிட்டாலும் கோளாறு, ஒருமுறைகூட எரியாவிட்டாலும் கோளாறு. ரெசிஸ்டரை விளக்கு காட்டிக்கொடுக்காது. மூடியைத் திறந்து பார்க்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டு வாங்குங்கள்.

குழந்தை சீட் பொருத்தும் வேலை என்னிடம் வந்தது அதற்குப் பிறகுதான்.

ஒரு தகப்பனார் ஆயில் மாற்ற வந்திருந்தார். முன் சீட்டில், பின்பக்கம் பார்த்தபடி பொருத்திய கைக்குழந்தை சீட். அதில் ஐந்தாறு மாதக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. நான் பானெட்டைத் திறக்காமல் கதவைத் திறந்து, சீட்டின் முதுகுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவில் கையை விட்டுப் பார்த்தேன். நான்கு விரல் நுழைந்தது. கட்டைவிரல் நுழையவில்லை.

"சார், இதைப் பின் சீட்டுக்கு மாத்திடலாம்" என்றேன்.

"அழுதா முகம் தெரியணும் தம்பி. நான் தனியாதானே ஓட்டுறேன். அதுவுமில்லாம முன்னாலதான் ஏர்பேக் இருக்கு."

அவர் அதைப் பாசத்தில்தான் சொன்னார். முன்னால் ஏர்பேக் இருப்பதால் முன்னால்தான் பாதுகாப்பு என்று நினைத்திருந்தார். சூரிய ஒளி மறைக்கும் பலகையை இறக்கி, அதில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் காட்டினேன். மேலே மஞ்சள் பட்டை, கீழே குழந்தை சீட் படத்தின் மேல் சிவப்புக் கோடு. தினமும் கண்ணில் படுகிற ஸ்டிக்கர்தான். "இந்தப் பை விரியும்போது முதல்ல இருக்கிறது குழந்தையோட தலைக்குப் பின்னால உள்ள இந்த பிளாஸ்டிக்தான் சார். பெரியவங்களுக்கு ஒரு சாண் இருக்கு. இவனுக்கு நாலு விரல்" என்றேன். அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர் முகம் மாறிவிட்டது.

இது கணக்கில் மட்டும் இருக்கும் ஆபத்து இல்லை. அமெரிக்காவில் 1990 முதல் 2008 வரை, உயிர் போகுமளவுக்கு வேகமில்லாத மோதல்களில், முன்பக்க ஏர்பேக் விரிந்ததாலேயே இறந்தவர்கள் 290 பேருக்கும் மேல். இறந்தவர்களில் பெரும்பாலோர் ஓட்டுநருக்குப் பக்கத்தில் இருந்தவர்கள், அவர்களில் மிகப் பெரும்பான்மை குழந்தைகள். மொத்தத்தில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பெல்ட் போடாதவர்கள் அல்லது தவறாகப் போட்டவர்கள். சாவுகளில் பத்துக்கு ஒன்பது 1998-க்கு முன் செய்த வண்டிகளில் நடந்தவை. அதன் பிறகு பையின் விசையைக் குறைத்தார்கள். முன் சீட்டில் இருப்பவரின் எடையை உணரும் சென்சார்கள் வந்தன. இன்றைக்கு ஓடும் ஏர்பேக்குகள் அந்தக் குழந்தைகள் போன பிறகு திருந்தியவை. இதை நினைக்காமல் என்னால் ஒரு மஞ்சள் கனெக்டரைக்கூட மாட்ட முடிவதில்லை.

பின்பக்கம் பார்த்தே உட்கார வைப்பது ஏன் என்று நிறையப் பேர் கேட்பார்கள். கைக்குழந்தையின் தலை மொத்த உயரத்தில் கால் பங்கு. அதைத் தாங்கும் கழுத்தெலும்புகள் இன்னும் முழு எலும்பாகவே ஆகியிருக்காது, பாதி குருத்தெலும்பு. முன்பக்கம் பார்த்து உட்கார்ந்தால், மோதலில் உடம்பைப் பட்டை பிடித்துக்கொள்ள, தலை மட்டும் வீசி எறியப்படும். பின்பக்கம் பார்த்திருந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றும் ஒன்றாகச் சீட்டின் முதுகில் அழுந்தும். ராக்கெட் கிளம்பும் விசையை முதுகால் தாங்கும்படி விண்வெளி வீரர்கள் மல்லாந்து படுத்திருந்ததைப் பார்த்துத்தான் 1960-களில் சுவீடனின் பெர்ட்டில் ஆல்ட்மன் என்ற ஆய்வாளர் இந்த யோசனையைக் காருக்குக் கொண்டுவந்தார். 2013-இல் நடைமுறைக்கு வந்த குழந்தை சீட்டுகளுக்கான ஐ.நா.வின் ஆர்129 விதி, 15 மாதம் தாண்டும்வரை குழந்தை பின்பக்கம்தான் பார்க்க வேண்டும் என்கிறது. அது குறைந்தபட்சம். சீட்டின் உயர, எடை வரம்புக்குள் இருக்கும்வரை அப்படியே விடுவதுதான் நல்லது. கால் மடங்குகிறதே என்று முன்னால் திருப்பிவிடுகிறார்கள். கால் மடங்கினால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது.

மடியில் வைத்துக்கொள்கிறேன் என்பவர்களிடம் ஒரு கணக்குச் சொல்வேன். 50 கிலோமீட்டர் வேகம் பத்தில் ஒரு நொடியில் நின்றால், 10 கிலோ குழந்தை சராசரியாக 140 கிலோ எடையோடு கையை விட்டுப் பறக்கப் பார்க்கும். உச்சக் கணத்தில் அதைவிடவும் கூடுதல். தாயின் கையில் அன்பு எவ்வளவு இருந்தாலும் அதைப் பிடிக்கும் பலம் யாருக்கும் கிடையாது.

வளர்ந்த பிள்ளைகளுக்குப் பூஸ்டர் சீட். பெரியவர்கள் பெல்ட் சரியாகப் படியும்படி பிள்ளையை உயர்த்துவதுதான் அதன் வேலை. இடுப்புப் பட்டை தொடையை ஒட்டி எலும்பில் படிய வேண்டும், வயிற்றில் ஏறக் கூடாது. தோள் பட்டை கழுத்தை உரசக் கூடாது. உரசினால் பிள்ளை அதை அக்குளுக்குக் கீழே தள்ளிவிடும், அப்புறம் அந்த பெல்ட் இருந்தும் பயனில்லை.

சரி, அந்தத் தகப்பனாரிடம் வருகிறேன். சீட்டைப் பின்னால் மாற்றும் வேலையை நான் செய்து கொடுக்கவில்லை, அவரையே செய்யச் சொன்னேன். நாளைக்குக் கழற்றி மாட்டப்போவது அவர்தானே. முழங்காலைச் சீட்டுக்குள் ஊன்றி, உடம்பு எடையைக் கொடுத்து பெல்ட்டை இழுக்கச் சொன்னேன். முதல் தடவை, பெல்ட் போகும் இடத்தில் பிடித்து அசைத்தால் சீட் மூன்று விரல் அளவு ஆடியது. இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் ஆடக் கூடாது. கழற்றி, மறுபடி ஊன்றி இழுத்தார். வியர்த்துவிட்டது. இந்தத் தடவை சீட்டைப் பிடித்து ஆட்டினால் வண்டிதான் ஆடியது.

குழந்தையை உட்கார வைத்து, மேலே போட்டிருந்த தடித்த ஸ்வெட்டரைக் கழற்றினோம். பஞ்சு அமுங்கி பட்டை தளர்ந்துவிடும் என்பதால் துணிக்கு மேல் பட்டை, பட்டைக்கு மேல் போர்வை என்பதுதான் முறை. காறை எலும்புக்கு மேலே பட்டையைக் கிள்ளிப் பார்க்கச் சொன்னேன். விரலுக்கு மடிப்பு அகப்பட்டது. ஒருமுறை இழுத்தார். மறுபடி கிள்ளினார், விரல் வழுக்கியது. குழந்தை விழித்து, எதிரே பின்கண்ணாடி வழியாகத் தெரிந்த விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவர் ஓட்டும் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். சாவியைத் திருப்பவில்லை. என்னைப் பார்த்து, "எனக்கு எவ்வளவு இருக்குன்னு பாரேன்" என்றார். ஸ்டியரிங் நடுவில் கட்டைவிரலை வைத்து, சுண்டுவிரலை அவர் மார்பை நோக்கி நீட்டினேன். சாண் முழுதாக விரியும் முன்பே சட்டை தட்டியது. அவர் குனிந்து கம்பியைத் தூக்கி, சீட்டை இரண்டு பல் பின்னால் தள்ளினார். பெடல்களை ஒவ்வொன்றாக மிதித்துப் பார்த்தார். எட்டியது. "இப்போ?" என்றார். மறுபடி கையை விரித்தேன்.