சுண்ணாம்புத் தொட்டியும் பத்தாம் வகுப்பு வேதியியலும்

பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வின் அறிவியல் விடைத்தாள் கைக்கு வந்த அன்று, இயற்பியலிலும் உயிரியலிலும் சேர்த்து இழந்ததைவிட வேதியியலில் மட்டும் அதிக மதிப்பெண்களை இழந்திருந்தேன். படிக்காமல் போய் எழுதியிருந்தால் அவ்வளவு வருந்தியிருக்க மாட்டேன். ஐந்து வேதியியல் பாடங்களையும் மூன்று முறை வாசித்து, முக்கியமான வரிகளின் கீழெல்லாம் கோடிட்டிருந்தேன். புத்தகம் திறந்திருக்கும்வரை எல்லாம் தெரிந்தது போலவே இருந்தது. மூடிவிட்டு எழுதச் சொன்னால் பாதி வரிக்கு மேல் பேனா நகரவில்லை. திருப்புதல் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது வெறும் மறுவாசிப்பு என்பதை உணர்வதற்குப் பொங்கல் விடுமுறை வரை ஆயிற்று.

என் தந்தை கொத்தனார். செட்டிநாட்டுப் பழைய வீடுகளில் சுண்ணாம்புப் பூச்சைச் சரிசெய்வது அவருடைய வேலை. அந்த விடுமுறையில் கானாடுகாத்தானில் ஒரு வீட்டில் வேலை நடந்துகொண்டிருந்தது. அவருக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோனேன். பின்கட்டில் இருந்த தொட்டியில் சுட்ட சுண்ணாம்புக் கட்டிகளைக் கொட்டி நீர் ஊற்றியதும், கட்டிகள் சீறிப் பிளந்து, ஆவி கிளம்பி, அடுப்பே இல்லாமல் தொட்டி முழுவதும் கொதித்தது. “தள்ளி நில்லு ஆத்தா, கண்ணுல தெறிச்சா வெந்துபோயிரும்” என்று அப்பா விரட்டினார். கால்சியம் ஆக்சைடு நீருடன் வினைபுரிந்து கால்சியம் ஹைட்ராக்சைடைத் தரும் என்று அரையாண்டுத் தேர்வில் எழுதியிருந்த நான், அது வெப்ப உமிழ் வினை என்பதை எழுதாமல் விட்டு ஒரு மதிப்பெண் இழந்திருந்தேன். அந்தத் தொட்டியைப் பார்த்த பிறகு அச்சொல்லை விட்டுவிட வழியே இல்லை.

அன்றிரவு புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, ஒரு வெற்றுத்தாளில் சுண்ணாம்பைப் பற்றி எனக்குத் தெரிந்த வேதியியல் முழுவதையும் எழுத உட்கார்ந்தேன். சூளையில் சுண்ணாம்புக்கல்லோ கிளிஞ்சலோ சுடப்படும்போது கால்சியம் கார்பனேட் சிதைந்து கால்சியம் ஆக்சைடும் கார்பன் டை ஆக்சைடும் கிடைப்பது சிதைவு வினை. தொட்டியில் நீர் ஊற்றும்போது நடப்பது சேர்க்கை வினை. பூசிய சுவர் காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சி, மீண்டும் கால்சியம் கார்பனேட்டாக இறுகுவது காரமும் அமில ஆக்சைடும் சேர்ந்து உப்பையும் நீரையும் தரும் வினை. சூளையில் வெளியேறிய வாயுதான் சுவரில் திரும்பி வந்து அமர்கிறது. சுண்ணாம்பு நீரில் கார்பன் டை ஆக்சைடைச் செலுத்தினால் பால்போல் மாறுவதும் இதே வினைதான் என்பது எழுதும்போதே பிடிபட்டது. அந்த வாயுவைத் தொடர்ந்து செலுத்தினால் கரையக்கூடிய கால்சியம் பைகார்பனேட் உண்டாகிப் பால்நிறம் மறையும் என்பதையும் இவ்விடத்திலேயே சேர்த்துக்கொள்ளலாம். (செட்டிநாட்டுப் பூச்சில் முட்டை வெண்கருவும் கடுக்காயும் சேர்ப்பார்கள், தேர்வுக்கு அது தேவையில்லை.)

மோல் கணக்கு எனக்கு விளங்கியதும் இத்தாளில்தான். மோல் என்பது 6.023 × 10²³ துகள்கள் கொண்ட ஒரு தொகுப்பு; அணு நிறைகளைக் கூட்டிக் கிராமில் எழுதினால் அதன் நிறை கிடைக்கும். கால்சியத்தின் அணு நிறை 40, ஆக்சிஜனுடையது 16; ஆகவே கால்சியம் ஆக்சைடின் ஒரு மோல் 56 கிராம். நீரின் ஒரு மோல் 18 கிராம். இரண்டும் சேர்ந்தால் 74 கிராம் கால்சியம் ஹைட்ராக்சைடு. 5.6 கிலோ சுட்ட சுண்ணாம்பு என்றால் 100 மோல். அதற்குக் கணக்குப்படி 1.8 கிலோ நீர் போதும். இதை அப்பாவிடம் சொன்னபோது, “அவ்வளவு தண்ணிக்குச் சுண்ணாம்பு பாதிகூட நீறாது” என்று சிரித்தார். அவர் சொன்னதும் சரிதான்: வினை வெளியிடும் வெப்பத்தில் ஊற்றும் நீரில் ஒரு பங்கு ஆவியாகிவிடுகிறது, அவருக்குத் தேவைப்படுவதும் உலர்ந்த தூள் அன்று, குழைவு. சமன்பாடு சொல்லும் அளவு வினையில் சேரும் அளவு மட்டுமே என்ற நுட்பத்தைப் புத்தகத்தில் மூன்று முறை வாசித்தும் நான் கவனிக்கவில்லை.

கணக்குகளில் செய்த பிழைகளுக்கென்று தனியாக ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்தேன். இந்த அனுபவத்தில் மற்றவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது அதைத்தான். சரியான விடையை அதில் எழுதுவதைவிட, எந்த இடத்தில் தடம் புரண்டோம் என்பதை ஒரே வரியில் எழுதுவதே பயன் தரும். 100 கிராம் நீரில் 25 கிராம் சர்க்கரை கரைந்திருந்தால் நிறை சதவீதம் 25 என்று எழுதியிருந்தேன். வகுக்க வேண்டியது கரைப்பானின் நிறையால் அன்று, கரைசலின் நிறையால். 25ஐ 125ஆல் வகுத்தால் 20 சதவீதம். ஹைட்ராக்சைடு அயனிச் செறிவு 0.001 மோலார் (லிட்டருக்கு 0.001 மோல்) உள்ள காரக் கரைசலுக்குப் பிஹெச் 3 என்று விடை எழுதி முடித்திருந்தேன். பிஹெச் என்பது கரைசல் அமிலமா காரமா என்று காட்டும் எண்; 7க்குக் கீழே அமிலம், மேலே காரம். நான் கண்டுபிடித்தது ஹைட்ராக்சைடு அயனிக்கான எண்ணான பிஓஹெச், அதை 14இலிருந்து கழித்தால்தான் பிஹெச் 11 வரும். 32 கிராம் ஆக்சிஜன் வாயுவில் உள்ள மூலக்கூறுகள் ஒரு மோல், அணுக்கள் இரண்டு மோல். வினாவில் ‘அணுக்கள்’ என்றிருந்ததைக் கவனிக்காமல் 6.023 × 10²³ என்றே எழுதிவிட்டிருந்தேன். இம்மூன்று பிழைகளுக்கும் சூத்திரம் தெரியாதது காரணமன்று. விடை வந்ததும் அதற்குப் பொருள் இருக்கிறதா என்று ஒரு நொடி பார்க்காததே காரணம்.

ஆவர்த்தன அட்டவணைப் பாடத்தில் அணு ஆரம், அயனியாக்கும் ஆற்றல், எலக்ட்ரான் கவர்தன்மை ஆகியவை எத்திசையில் கூடும், எத்திசையில் குறையும் என்று அம்புக்குறிகளை மனப்பாடம் செய்து குழம்பிப்போனவர்கள் பலர். காரணத்தை ஒரே தொடராகப் பிடித்துக்கொண்டால் போதும்: தொகுதியில், அதாவது அட்டவணையின் செங்குத்து வரிசையில், கீழே செல்லச் செல்ல எலக்ட்ரான் கூடுகளின் எண்ணிக்கை கூடுகிறது, அணு பெரிதாகிறது, வெளிக்கூட்டு எலக்ட்ரான்மீது உட்கருவின் பிடி தளர்கிறது, அதனால் அதை நீக்கத் தேவையான ஆற்றலும் குறைகிறது. மெக்னீசியத்தைவிடக் கால்சியம் எளிதில் எலக்ட்ரான்களை இழந்து குளிர்ந்த நீருடனேயே வினைபுரிவது இதனால்தான். கிடை வரிசையில் இடமிருந்து வலமாகச் செல்லும்போது கூடுகளின் எண்ணிக்கை மாறாமல் உட்கரு மின்சுமை மட்டும் கூடுவதால் பொதுவாக எல்லாம் தலைகீழாகும்.

கார்பன் பாடத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பெயரிடும் முறையை நாளொன்றுக்குப் பத்துச் சேர்மங்கள் வீதம் எழுதிப் பழகினால் ஒரு வாரத்தில் கைவந்துவிடும். கரைசல்கள் பாடத்தில் படிகமாக்கல் நீரை (உப்புப் படிகத்தோடு பிணைந்திருக்கும் நீரை) படிக்கும்போது மட்டும் மயில்துத்தத்தை, அதாவது நீரேறிய காப்பர் சல்பேட்டை, வெறும் எடுத்துக்காட்டாக விடாமல் கணக்காகவும் போட்டுப் பாருங்கள்: மூலக்கூறு நிறை 249.5, அதில் ஐந்து நீர் மூலக்கூறுகள் 90, எனவே எடையில் ஏறத்தாழ 36 சதவீதம் நீர். சூடாக்கினால் நீலம் மறைந்து வெண்ணிறமாவது அந்த நீர் வெளியேறுவதால்.

நான் எழுதிய ஆண்டில் எழுத்துத் தேர்வுக்கு 75 மதிப்பெண்கள், செய்முறைக்கு 25. கட்டாய வினா கணக்காக அமைவது வழக்கம் என்பதால், தெரிந்ததைத் தேர்ந்தெடுத்து எழுதித் தப்பலாம் என்ற நம்பிக்கை வேதியியலில் எடுபடாது. கணக்கில் சூத்திரம், பிரதியிடல், அலகு ஆகியவற்றைத் தனித்தனி வரிகளில் எழுதப் பழகியிருந்தேன். விடை பிசகினாலும் படிநிலைகளுக்கு மதிப்பெண் கிடைக்கும்.

தேர்வன்று காலை காரைக்குடி செல்லும் பேருந்தில் பாடப்புத்தகத்தைப் பையிலிருந்து எடுக்கவில்லை. பிழை நோட்டை மட்டும் விரித்து வைத்திருந்தேன். அதன் முதல் பக்கத்தில், கொட்டை எழுத்தில், ஜனவரியில் எழுதிய வரி: ‘காரத்துக்குப் பிஹெச் 3 வராது.’