அல்ஹாம்பராவில் சிக்கிய காடு

லண்டனில் ‘சூ சின் சவ்’ என்று ஒரு பாட்டு நாடகம். 1916இல் தொடங்கி 1921 வரை 2,238 காட்சிகள் ஓடியது. அதைப் பார்த்துதான் பாலே ரூஸ் என்ற ரஷ்ய நடனக் குழுவின் முதலாளி தியாகிலெவுக்கும் ஆசை வந்தது: நாமும் ஒரே பாலேயை எடுத்து மாதக்கணக்கில் தினமும் ஓட்டினால் என்ன? 1921 தொடக்கத்தில்தான் அவருடைய நடன அமைப்பாளர் மாசீன் குழுவை விட்டு விலகியிருந்தார். புதிதாக ஒன்று செய்யக் கையில் ஆளில்லை. பழசைத் தூசி தட்டினார்.

அந்தப் பழசு, 1890இல் ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க்கில் அரங்கேறிய, சைக்கோவ்ஸ்கி இசையமைத்த ‘உறங்கும் அழகி’. ‘உறங்கும் இளவரசி’ என்ற பெயரில் 1921 நவம்பர் 2 அன்று லெஸ்டர் சதுக்கத்து அல்ஹாம்பரா அரங்கில் திரை ஏறியது.

நான் சபா நாடகங்களுக்குப் படுதாவும் லைட்டும் பார்த்தவன். யார் ஆடினார்கள் என்பதற்கு முன்னால், யார் பணம், சாமான் எப்படி வந்தது என்றுதான் என் புத்தி போகும். பணம் அரங்க முதலாளி ஆஸ்வால்ட் ஸ்டாலுடையது. டிக்கெட் வசூலில் கழித்துக்கொள்வதாகப் பேச்சு. செட்டும் உடையும் ஓவியர் பாக்ஸ்ட். மாளிகைத் தூண்கள், படிக்கட்டுகள், பட்டு, ஜரிகை, இறகு என்று மனிதர் அடக்கியே வாசிக்கவில்லை. நடனத்தை நினைவிலிருந்து மட்டும் மீட்கவில்லை. ரஷ்யாவை விட்டு வெளியேறும்போது, பீட்டர்ஸ்பர்க் அரங்கில் பாலே மேலாளராக இருந்த செர்கேயெவ் கூடவே எடுத்து வந்த அசைவுக் குறிப்பேடுகள் இருந்தன. 1890இல் இளவரசி அரோராவாக ஆடிய பிரியான்ஸாவே இந்த முறை சாபமிடும் தேவதையாக வந்தார். என்ன ஒரு யோசனை!

முதல் நாள், தேவதை கோலை அசைத்ததும் மந்திரக் காடு வளர்ந்து அரண்மனையை மூட வேண்டும். இயந்திரம் கிறீச்சிட்டு நின்றுவிட்டது. மெல்லிய வலைத்துணிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. அன்றிரவு தியாகிலெவ் குழந்தைபோல் அழுதார் என்று இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கி எழுதியிருக்கிறார். ஸ்ட்ராவின்ஸ்கிக்கும் இதில் பங்கு உண்டு. சில பகுதிகளுக்கு வாத்திய அமைப்பு செய்துகொடுத்ததோடு, சைக்கோவ்ஸ்கியை ஆதரித்து ‘டைம்ஸ்’ பத்திரிகையில் கடிதமும் எழுதினார்.

காடு சிக்கியதால்தான் நாடகம் விழுந்தது என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதெல்லாம் இரண்டு நாளில் சரிசெய்யக்கூடிய சங்கதி. சிக்கல் கூட்டத்திடம் இருந்தது, அந்தக் கூட்டத்தைப் பழக்கியவரே தியாகிலெவ்தான். 1911 முதல் ஒரே மாலையில் மூன்று குட்டி பாலேக்கள் என்று லண்டன்காரர்களுக்கு ருசி காட்டியிருந்தார். இதே அல்ஹாம்பராவில், 1919இல், பிக்காஸோ வரைந்த படுதாவோடு ‘முக்கோணத் தொப்பி’யை அரங்கேற்றியவர் அவர். “நேற்று போட்டது இன்று பழசு” என்று பத்து வருடம் கற்றுக்கொடுத்துவிட்டு, ஜார் காலத்து விருந்தை இரவு முழுக்க உட்கார்ந்து சாப்பிடு என்றால்? புதுமை விரும்பிகள் முகம் சுளித்தார்கள். ‘சூ சின் சவ்’ கூட்டமோ இந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

ஸ்பெஸிவ்த்சேவா, லொபோகோவா, எகோரோவா, திரெஃபிலோவா என்று இளவரசிகளை மாற்றி மாற்றி இறக்கியும் வசூல் ஏறவில்லை. காலியாகக் கிடந்த நாற்காலிகளுக்கு நடுவே, லொபோகோவாவைப் பார்ப்பதற்காகவே திரும்பத் திரும்ப வந்து உட்கார்ந்தவர் பொருளாதார நிபுணர் கெயின்ஸ். இருவருக்கும் 1925இல் கல்யாணம். மொத்த முதலீட்டில் லாபம் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

1922 பிப்ரவரி 4 அன்று, நூற்றுச் சொச்சம் காட்சிகளோடு கடையைக் கட்டினார்கள். கடனுக்கு ஈடாக ஸ்டால் செட்டையும் உடைகளையும் பிடித்து வைத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் பக்கத்து காண்ட்ராக்டராக இருந்தால் இடைவேளையிலேயே லாரியைக் கொண்டுவந்து நிறுத்தியிருப்பார். பாரீஸ் ஆப்பராவுக்கு முழு பாலேயைக் கொண்டுபோக வழியில்லாமல், மே மாதம் அதன் நடனங்களைத் தொகுத்து ‘அரோராவின் திருமணம்’ என்று ஒரே அங்கமாகப் போட்டார் தியாகிலெவ். உடைகள், ‘ஆர்மீத் மண்டபம்’ என்ற பழைய பாலேக்கு ஓவியர் பெனுவா வரைந்தவை. பழைய உடை, சின்ன அளவு, கச்சிதமான நேரம். அது ஓடியது, வருடக்கணக்கில்!

செர்கேயெவ் தன் குறிப்பேடுகளை விடவில்லை. 1939இல் அதே முழுநீள பாலேயை லண்டன் சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கில் நடனக்காரி மார்கோ ஃபோன்டேனை வைத்து மறுபடி ஏற்றினார். போர் முடிந்து 1946 பிப்ரவரி 20 அன்று லண்டனின் கோவென்ட் கார்டன் அரங்கு மறுபடி திறந்தபோது முதலில் போட்டதும் ‘உறங்கும் அழகி’தான். அரங்கை நடத்திய அறக்கட்டளையின் தலைவர் கெயின்ஸ்.