மூன்றாம் வருஷத்துப் பால்குடம்

2025 தைப்பூசம் பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை வந்தது. செவ்வாயில் பூசம் என்றால் மொரீஷியஸின் கோர் தெ கார்த் மலைக்கோயிலில் கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்? அடிவார ஊரான காத்ர் போர்ன் பக்கம் விடியும் முன்பே வண்டி நகரவில்லை. சக்கர நாற்காலியைப் பார்த்ததும் ஒரு டாக்சிக்காரர் வாடகையை இரட்டிப்பாக்கினார். அவர் கணக்கை முருகன் பார்த்துக்கொள்வான்.

அந்த நாற்காலியில் வந்த அக்காவுக்கு மூன்று வருஷ நேர்த்தி. முதல் வருஷம் தானே பால்குடம் எடுத்து மலையேறினார். இரண்டாம் வருஷம் வருவதற்குள் புற்று எலும்புக்குப் போய்விட்டது. இனி வலிக்கு மட்டும்தான் மருந்து என்றார்கள். அவர் பேரில் வீட்டுக்காரர் காவடி, சின்ன வயசுத் தோழி பால்குடம் என்று முடிவாயிற்று.

கொடியேறிய நாளிலிருந்து இருவருக்கும் விரதம். இதில் ஒரு சிக்கல் உண்டு. விரதம் இருக்கிறவரே ராத்திரி முழுக்க நோயாளியையும் பார்த்தால் ஐந்தாம் நாளே முதுகு பிடித்துக்கொள்ளும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை, குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் இன்னொன்று. இதைத் தவறவிட்டால் படுக்கைப்புண். அதனால் ஒரு ராத்திரி வீட்டுக்காரர், ஒரு ராத்திரி தோழி. தோழி அங்கே தங்கியதை ஊர் பேசத்தான் செய்தது. பேசினவர்கள் ஒரு ராத்திரி வந்து முறை எடுத்திருக்கலாம்.

காப்புக் கட்டிய பிறகு வீட்டில் சாவு விழுந்தால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே குருக்களிடம் கேட்டுவிட வேண்டும். கோயிலுக்குக் கோயில் வழக்கம் மாறும். கேட்க வாய் கூசும்தான். அக்காவே கேட்கச் சொன்னார்.

பூசத்தன்று வலி மருந்தான மார்ஃபின் நான்கு மணி நேரத்துக்கு ஒரு வேளை, தவறக்கூடாது. சாமி முன்னால் தூங்கிவிடுவார் என்று வேளையைத் தள்ளிப்போட்டால், நெரிசலில் வலி வந்து நிற்கும். பிறகு அடக்குவது கஷ்டம். அசையும்போது வரும் வலிக்கென்று டாக்டர் தனியாக எழுதித் தந்ததைக் கிளம்ப அரை மணி முன்னால் கொடுத்தார்கள். சரிவில் இறங்கும்போது நாற்காலியைப் பின்பக்கமாகத்தான் இறக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆள் முன்னால் சரிந்துவிடுவார்.

ஆக்சிஜன் வைத்திருப்பவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது கற்பூரம். மூன்று மீட்டருக்குள் தீ வரக்கூடாது. நம் ஜனங்களோ பாசத்தில் தட்டை மூக்குக்கு நேரே நீட்டுவார்கள். குழாயை மூடிவிட்டால் போதும் என்பதும் தப்பு. துணியிலும் கூந்தலிலும் ஆக்சிஜன் தங்கியிருக்கும். தோழி ஒரு குடையை விரித்துக் குறுக்கே நின்றபடி, தட்டோடு வந்தவர்களையெல்லாம் தூரத்திலேயே கும்பிடவைத்தாள். செல்போனைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களுக்கும் அதே குடைதான்.

படியேற வழியில்லாததால் அக்கா அடிவாரத்திலேயே இருந்தார். குங்கும நிறப் புடவைகளும் மயிலிறகும் பூக்காவடியுமாக ஊரே மேலே போயிற்று. வெயில் ஏறிய பிறகு தோழி கீழே வந்தாள், அபிஷேகப் பால் கொஞ்சம் கிண்ணத்தில். வாழையிலை போட்டு வாய் கட்டிய சொம்பில், பிப்ரவரி வெயிலில் அத்தனை மணி நேரம் நடந்து போன பால். திரியவில்லை! அப்பனே, உனக்கு நாங்கள் என்ன செய்துவிட்டோம்?

விழுங்கச் சிரமப்படுகிறவருக்குத் தீர்த்தத்தை வாயில் ஊற்றிவிடக்கூடாது, மூச்சுக்குழலில் இறங்கிவிடும். பஞ்சை நனைத்துப் பிழிந்து உதட்டில் ஒற்றினாள். அக்கா நாக்கு நுனியால் தொட்டுப் பார்த்தார். கண்ணை மூடி "முருகா" என்றார். சாமியிடம் மட்டும்தான் தமிழ், மற்றதெல்லாம் கிரெயோல்.

கண்ணைத் திறந்து தோழியிடம் சொன்னார்: "அடுத்த வருஷம் நீயே எடு. இவருக்குத் தீட்டு இருக்கும்."

காவடி இறக்கி வந்திருந்த வீட்டுக்காரர் மலைப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவரையும் விடவில்லை. "நீங்க வீட்டிலேயே கிடக்காதீங்க. வந்து கீழே நில்லுங்க. முடிஞ்சதும் அவ வீட்டில் ஏழு கறிச் சைவச் சாப்பாடு சாப்பிட்டுப் போங்க." மறுபடி தோழியிடம்: "உப்பைக் குறைச்சுப் போடு. அவருக்குப் பிரஷர்."

நேர்த்தி வைத்தால் பிழைத்துவிடுவாள் என்று அவர்களிடம் எத்தனையோ பேர் சொன்னார்கள். அப்படிச் சொல்லாதீர்கள். போன பிறகு, விரதத்தில் என்ன குறை வைத்தோம் என்று அந்த மனுஷர் ராத்திரி ராத்திரியாக எண்ணிக்கொண்டு கிடப்பார். அக்கா உயிரைக் கேட்டு நேரவே இல்லை. வலி அடங்கினால் போதும், இவர் தனியாகச் சாப்பிடக்கூடாது, இந்த இரண்டுதான். வேலவா, இரண்டையும் கொடுத்தாய்; கோடி கும்பிடு.

சித்திரையில் அக்கா போய்ச் சேர்ந்தார். 2026 பூசம் பிப்ரவரி 1, ஞாயிறு. தோழி மூன்றாம் பால்குடத்தைத் தலையில் வைத்துப் படியேறினாள். வீட்டுக்காரர் அடிவாரத்தில், போன வருஷம் நாற்காலி நின்ற இடத்தில், அவள் செருப்புக்குக் காவலாக அதே குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.