மோதிரத்தின் வயதை உள்பக்கத்தில் தேடுங்கள்

மெட்டல் டிடெக்டரில் மோதிரம் தேடுபவர்கள் முதலில் கைவிட வேண்டியது, குப்பைச் சிக்னலை மொத்தமாக ஒதுக்கும் பழக்கம். அலுமினியத் தாள், குளிர்பான டின்னின் இழுப்பு வளையம் இரண்டுக்கும் கருவியின் திரையில் வரும் எண்களை அடைத்துவிட்டால், தங்க மோதிரங்களில் நிறைய அதோடு போய்விடும். மெல்லிய 9 கேரட் மோதிரம் தாளின் எண்ணிலேயே வரும். கனமான ஆண்கள் மோதிரம் இழுப்பு வளையத்தின் எண்ணுக்கு ஏறும். வெள்ளி மட்டும் அதற்கெல்லாம் மேலே நிற்கும். கருவி உலோகத்தின் பெயரைப் படிப்பதில்லை. கருவியின் அடியிலுள்ள கம்பிச்சுருளான காயிலின் காந்தப்புலம் உலோகத்துக்குள் எழுப்பும் சுழல் மின்னோட்டத்தைத்தான் அளக்கிறது, அதனால் அளவு, தடிமன், வடிவம் எல்லாமே எண்ணை மாற்றும். வளையம் முழுசாக இருப்பது இதில் பெரிய விஷயம். மயிரிழை அளவுக்கு அறுந்திருந்தால்கூட மின்னோட்டம் சுற்றிவர வழியில்லை. எண் சடாரென்று இறங்கும், கொஞ்சம் ஆழத்தில் கிடந்தால் சிக்னலே வராது. ஆகவே தாழ்வான எண்ணாக இருந்தாலும், எந்தப் பக்கமிருந்து காயிலை வீசினாலும் ஒரே இடத்தில், ஒரே ஒலியில் நின்றால் தோண்டிவிடுங்கள்.

எடுத்த கையோடு விரலால் தேய்க்காதீர்கள். மண்ணில் இருக்கும் குவார்ட்ஸ் துகள் தங்கத்தைவிடக் கடினம். உள்பக்கத்தில் குத்தியிருக்கும் முத்திரையின் ஓரம் மழுங்க இரண்டு தேய்ப்பு போதும். மிகப் பழையதாகத் தெரியாத மோதிரமென்றால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, மண் இளகியதும் மரப் பல்குச்சியால் தள்ளினால் வந்துவிடும். கல், முத்து, எனாமல் வைத்த மோதிரத்தை ஊறவைக்கக் கூடாது. வளைந்திருந்தால் நிமிர்த்தவும் வேண்டாம், பழைய உலோகம் மடிந்த இடத்திலேயே முறியும்.

கல் இல்லாத மோதிரமென்றால் மாற்றை வீட்டிலேயே ஓரளவு கணிக்கலாம். 0.01 கிராம் வரை காட்டும் தராசில் ஒரு கிண்ணம் நீரை வைத்துச் சுழியாக்குங்கள். மோதிரத்தை நூலில் கட்டி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் நீருக்குள் முழுக்கத் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்ணால் மோதிரத்தின் எடையை வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். 4.20 கிராம் மோதிரத்துக்குத் தராசு 0.27 காட்டினால் அடர்த்தி 15.6, அது 18 கேரட்டின் பக்கம். 0.37 காட்டினால் 11.4, அது 9 கேரட். 92.5 சதவீதத் தூய்மையுள்ள ஸ்டெர்லிங் வெள்ளி 10.4 வாக்கில் வரும், பித்தளை 8.5 வாக்கில். ஒட்டியிருக்கும் ஒரு காற்றுக்குமிழி கணக்கையே கெடுத்துவிடும், எனவே முக்கி ஆட்டிவிட்டு அளவெடுங்கள். 0.1 கிராம் தராசு இதற்கு உதவாது.

வயது விஷயத்துக்கு வருவோம். 10 மடங்கு லென்ஸும், பக்கவாட்டிலிருந்து சாய்வாக விழும் சிறு டார்ச் ஒளியும் வேண்டும். நேர்வெளிச்சத்தில் மறைந்திருக்கும் முத்திரை, ஒளியை மெல்லச் சுழற்றும்போது நிழலாக எழுந்து வரும்.

வயதை நெருக்கிப் பிடிக்க பிரிட்டிஷ் ஹால்மார்க் அளவுக்கு உதவும் முத்திரை வேறு அதிகமில்லை. எந்த ஊரில் சோதித்துக் குத்தினார்கள் என்பதற்கே ஒரு சின்னம் உண்டு. நங்கூரம் தெரிந்தால் பர்மிங்காம், சிறுத்தைத் தலை என்றால் லண்டன். பர்மிங்காமில் வெள்ளிக்கு 1773 முதலும் தங்கத்துக்கு 1824 முதலும்தான் முத்திரை. 9, 12, 15 கேரட் மூன்றும் 1854-இல் வந்தவை. 12-ஐயும் 15-ஐயும் 1932-இல் எடுத்துவிட்டு 14-ஐக் கொண்டுவந்தார்கள். ஆக, 15 என்ற எண்ணோடு .625 தெரிந்த உடனேயே மோதிரம் 1854-க்கும் 1932-க்கும் நடுவில் வந்துவிட்டது. வரி கட்டியதற்கு அடையாளமான அரசரின் அல்லது அரசியின் தலை இருந்தால் 1784-க்கும் 1890-க்கும் இடைப்பட்டது. தலை இல்லை என்பதை மட்டும் சான்றாக எடுக்காதீர்கள், வரிவிலக்குப் பெற்ற நகைகளில் அது இருக்காது.

கடைசியாக ஆண்டெழுத்து, அதாவது முத்திரை குத்திய ஆண்டைக் காட்டும் எழுத்து. இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். லண்டனில் 20 எழுத்தில் ஒரு சுற்று முடிந்து மறுபடி ‘ஏ’ வரும். 1876-இல் அது பெரிய எழுத்து, 1896-இல் சிறிய எழுத்து, 1916-இல் கோதிக் பாணிச் சிறிய எழுத்து. எந்த எழுத்து என்பதோடு அதன் பாணியையும் அதைச் சுற்றியுள்ள கேடயத்தின் வடிவத்தையும் சேர்த்தே அட்டவணையில் பார்க்க வேண்டும். அந்தக் காலத்தில் எழுத்து ஆண்டின் நடுவில் மாறியதால் 1896–97 என்று எழுதுவதுதான் சரி.

முத்திரை பாதியில் நின்றால் பட்டையில் பற்றவைத்த தடம் இருக்கிறதா பாருங்கள். விரலுக்கேற்ப அளவு மாற்றும்போது வெட்டிய துண்டோடு முத்திரையும் போயிருக்கும். அப்போது கல்தான் சாட்சி. கல்லின் பின்புறம் மூடி, உள்ளே பளபளக்கும் தாள் வைத்திருந்தால் பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குள். மாணிக்கத்துக்குள் வளைந்த கோடுகள் தெரிந்தால் அது உருக்கிச் செய்த செயற்கைக் கல். பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னாய் அந்த முறையை அறிவித்ததே 1902-இல். ஆனால் கல்லைப் பிற்பாடு யாரும் மாற்றியிருக்கலாம். பட்டை ஒரு காலம், கல் ஒரு காலம் சொன்னால் இரண்டையும் குறித்துவையுங்கள், சராசரி போடாதீர்கள்.

முத்திரையே இல்லாமல், உள்பக்கத்தில் ஒரு வரி காதல் வாசகம் மட்டும் இருக்கும் வெற்றுத் தங்க வளையம் கிடைத்தால் நிதானியுங்கள். இடைக்காலத்தில் வாசகத்தைப் பெரும்பாலும் வெளிப்பக்கம் வெட்டினார்கள். 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் அது உள்ளே போனது. கோதிக் எழுத்து முந்தியது, சாய்வெழுத்து பிந்தியது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 300 ஆண்டுக்கு மேற்பட்டு, எடையில் 10 சதவீதமாவது தங்கமோ வெள்ளியோ உள்ள மோதிரம், ஒற்றையாகக் கிடைத்தாலும், 1996-ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்துக்குள் வரும். அப்படி இருக்கலாம் என்று தெரிந்த 14 நாளுக்குள் புதையலையும் விசாரிக்கும் அதிகாரியான கரோனருக்குத் தெரிவிக்க வேண்டும். கிடைத்த புள்ளி, ஆழம், நில உரிமையாளரின் அனுமதி மூன்றையும் எழுதிவைத்துக்கொண்டு, மோதிரத்தைக் கழுவாமல் அப்படியே கொடுங்கள். ஒட்டியிருக்கும் மண்ணும் எனாமலின் மிச்சமும் அதை ஆராய்பவர்களுக்கு வேண்டும்.