அடிபடாமலே கன்றிய இமைகள்

அக்காவின் இரண்டு மேல் இமைகளும் கருநீலமாகக் கன்றியிருந்ததை முதலில் பார்த்தபோது, எங்கேயோ இடித்துக்கொண்டாள் என்றுதான் நினைத்தேன். "எதிலும் இடிக்கவில்லையடி, இரவெல்லாம் இருமினேன், அவ்வளவுதான்" என்றாள். சில நாட்களில் மறைந்துவிட்டது. அடுத்த மாதம் குனிந்து துணி அலசி நிமிர்ந்தபோது மறுபடியும் வந்தது.

பார்த்தவர்கள் அத்தானைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். அந்தப் பார்வைக்குக் கூசியே அக்கா வெளியே போவதை நிறுத்தினாள். மருத்துவரிடம் போவதையும் சேர்த்துத்தான். இன்றும் எனக்கு ஆறவில்லை.

என் தவறும் உண்டு. ஒருமுறை பலமாகத் தும்மியபின் என் வெள்ளை விழியில் ரத்தம் பரவி, மருந்தில்லாமலே இரண்டு வாரத்தில் கரைந்தது. "அதேதான், போய்விடும்" என்று அவளிடம் சொன்னேன். வெள்ளை விழியில் தெரியும் ரத்தம் வேறு. அடிபடாமல் இமைத்தோல் திரும்பத் திரும்பக் கன்றுவது வேறு.

கண் மருத்துவர் பார்வையையும் கண் அழுத்தத்தையும் சோதித்துவிட்டு, நாக்கை நீட்டச் சொன்னார். நாக்கு தடித்து, ஓரங்களில் பல் பதிந்த தடம் இருந்தது. சிறுநீர் நுரைக்கிறதா, கால் வீங்குகிறதா என்று கேட்டார். இரண்டுக்கும் ஆமாம் என்றாள் அக்கா. அதுவரை எங்களிடம் சொன்னதே இல்லை.

ரத்தப் பரிசோதனைகளுக்குப் பிறகு, வயிற்றுத் தோலுக்கடியிலிருந்து ஊசியால் சிறிது கொழுப்பை எடுத்தார்கள். காங்கோ சிவப்புச் சாயமேற்றி நுண்ணோக்கியில் முனைவாக்கிய ஒளியில், அதாவது ஒரே தளத்தில் அதிரும் ஒளியில், பார்த்தபோது பச்சையாக மின்னியதாம். அந்தப் பச்சைதான் அமிலாய்டோசிஸ் என்ற நோயின் அடையாளம். எலும்பு மஜ்ஜையிலுள்ள சில செல்கள் உருக்குலைந்த புரதத்தைச் சுரக்க, அது நுண்ணிய ரத்தக்குழாய்களின் சுவர்களில் படிந்து அவற்றை நொய்யச் செய்கிறது. இமைத்தோல் மிக மெல்லியது. ஓர் இருமல் போதும். அதே புரதம் இதயத்திலும் சிறுநீரகத்திலும் படியும் என்பதால்தான் தாமதம் ஆபத்து. சிகிச்சையும் இமைக்கல்ல, அந்தச் செல்களுக்கு: போர்டெசோமிப், டாராட்டுமுமாப் ஊசிகள், கூடவே ஸ்டீராய்டு.

இமைக்கென்று செய்வது கொஞ்சம்தான். கண்ணைக் கசக்குவதில்லை. புதிதாகக் கன்றினால் குளிர்ந்த துணியை அழுத்தாமல் வைக்கிறாள்.

மருத்துவர் சொன்ன இன்னொன்றை எழுதி அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறேன்: கண் வலித்துப் பிதுங்கினாலோ, பார்வை மங்கினாலோ, இரட்டையாகத் தெரிந்தாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது. கண்குழிக்குள் தேங்கும் ரத்தம் பார்வை நரம்பை நெருக்கினால் சில மணி நேரத்திலேயே பார்வை போய்விடலாம்.